வீட்டில் நிறையப் பேசுங்கள்

அந்த வேலையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுதான்: "வீட்ல பிள்ளைகிட்ட நிறையப் பேசுங்க." பேச்சு வராத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒவ்வொரு தாயிடமும் சொல்வேன். முதல் சில வருஷங்கள் அக்கறையோடு சொன்னேன். பிறகு, பேருந்து நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்வதைப் போல, முகத்தைப் பார்க்காமலே சொல்லப் பழகிவிட்டேன்.

பள்ளிக்கூடம் சேராத வயதுப் பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற பேச்சும் புரிதலும் வந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இராமநாதபுரத்தில் ஓர் அறக்கட்டளை வாடகை வீட்டில் நடத்திய மையத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேர்ந்தேன். 2009இல் அந்த மையத்தை மூடும்வரை அங்கேதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை கீழக்கரைக்குப் போவேன், வியாழக்கிழமை இராமேஸ்வரத்துக்கு. இரண்டு ஊரிலும் யாராவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஓர் அறை கொடுத்திருப்பார்கள். மற்ற நாட்களில் மையத்தில் உட்கார்ந்து முந்தைய நாட்களின் தாள்களை எழுதி முடிப்பேன். எழுதி முடித்ததாக ஒருநாளும் நினைவில்லை.

தாய்மார்கள் முதலில் டாக்டரம்மா என்றார்கள். "நான் டாக்டர் இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் பேச்சு டீச்சர் என்று ஆகிவிட்டது. பேச்சு டீச்சரிடம் வருவதற்குள் அந்தப் பிள்ளைகள் பல இடங்களுக்குப் போய்விட்டு வந்திருப்பார்கள். நாக்கில் வசம்பு தேய்த்திருப்பார்கள். நாக்கு ஒட்டியிருக்கிறது என்று யாராவது சொல்லி, அடியில் நறுக்கிவிட்டும் வந்திருப்பார்கள். கோயிலில் மணி கட்டியிருப்பார்கள், தர்காவில் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்திருப்பார்கள். அதற்கெல்லாம் பிறகு என்னிடம் வந்து ஒரே கேள்விதான் கேட்பார்கள். "எப்ப டீச்சர் பேசும்?"

எனக்குக் கொடுத்திருந்த சோதனைப் புத்தகம் ஏதோ பெரிய நகரத்தில் தயாரித்தது. அதில் ஆப்பிள், தீயணைப்பு வண்டி, குடை பிடித்த தபால்காரர் எல்லாம் இருந்தன. இராமேஸ்வரத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பையனிடம் மீன் படத்தைக் காட்டியபோது "சீலா" என்றான். அவன் வீட்டில் வெறும் மீன் என்று யாரும் சொல்வதில்லை. அது இன்ன மீன் என்றுதான் சொல்வார்கள். புத்தகப்படி அவன் சொன்னது தவறு. நான் மதிப்பெண் போட்டேன். அன்றிலிருந்து புத்தகத்தைப் பேருக்கு வைத்துக்கொண்டு, ஒரு துணிப்பையில் ரப்பர் பந்து, தட்டு, கரண்டி, சீப்பு, துணிப் பொம்மை, மூடி போட்ட டப்பா, பிளாஸ்டிக் லாரி என்று சேர்த்து வைத்துக்கொண்டேன். "பந்தை டப்பாக்குள்ள போடு", "பொம்மைக்குத் தலை சீவு" என்று சொல்லிப் பார்ப்பேன். சின்னச் சின்ன வாக்கியம் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வேன். கடைசியாக, பொருளே இல்லாத சொற்கள் கொஞ்சம் வைத்திருந்தேன். தபிக, மிலாடு, நோகிபலு, கெதுமாரிபோ. தெரிந்த சொல்லைப் பிள்ளை பழக்கத்தால் சொல்லிவிடும். கேட்டே இராத சொல் என்றால் காது அதை அப்படியே பிடித்துவைக்க வேண்டும், நாக்கு அதை வரிசையாக எடுத்துத் தர வேண்டும். நான் தேடிய பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுவார்கள். காது நன்றாகக் கேட்கும், அறிவும் குறைவில்லை, மொழி மட்டும் சேராது. அப்படிப்பட்ட பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். அந்தக் குறைக்கு ஊரில் பெயர் கிடையாது. மந்தம், மண்டு, வாயில்லாப் பூச்சி என்றுதான் சொல்வார்கள்.

அந்தச் சிறுமி கீழக்கரை அறைக்கு முதன்முதலில் வந்தபோது அவளுக்கு நாலரை வயது. அழைத்து வந்தவர்கள் இரண்டு பெண்கள். முன்னால் வந்தவர் மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை ஒதுக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாற்காலியில் இருப்பவர்தான் தாய் என்று நினைத்துப் பேச ஆரம்பித்தேன்.

"நான் உம்மா இல்ல டீச்சர், பெரியம்மா. இவதான் உம்மா. என் தங்கச்சி" என்றார் அவர். "இவ மாப்பிள்ளை சபர்ல இருக்காக. சவுதி. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாக."

பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டிலேயே இருப்பது அந்த ஊர் வழக்கம். அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பெற்றவர்கள் காலமாகிவிட்டார்கள். அக்காவுக்கு இரண்டு பெண்கள், தங்கைக்கு இந்த ஒரு பிள்ளை.

"பிள்ளை எப்ப நடந்துச்சு?" என்று தங்கையைப் பார்த்துக் கேட்டேன்.

"பதினோரு மாசத்துல டீச்சர். நோன்பு மாசம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அக்கா.

"முதல் வார்த்தை என்ன சொன்னா?"

"உம்மாண்டுதான் சொன்னா. ஆனா ரெண்டு வயசுக்கு மேலதான்."

"அவங்க சொல்லட்டுமே அக்கா."

அக்கா வாயை மூடிக்கொண்டார். தங்கை என்னைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள். "ரெண்டு... ரெண்டு வயசு..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் வரவில்லை. அக்காவால் பொறுக்க முடியவில்லை. "அவளுக்கு வெக்கம் டீச்சர். சின்னதுலருந்தே இப்படித்தான். நானே சொல்லிடுறேன்."

சிறுமி என் பையைக் கவிழ்த்து விளையாடிக்கொண்டிருந்தாள். பொம்மைக்குச் சோறு ஊட்டினாள், வாயைத் துடைத்தாள், தலை சீவினாள், தாயின் துப்பட்டி முனையை இழுத்துப் போர்த்தித் தூங்க வைத்தாள். அறிவுக் குறைவு உள்ள பிள்ளை இப்படி வரிசையாக விளையாடாது. மதுரைக்கு அனுப்பிக் காதைச் சோதிக்கச் செய்தேன். அதிலும் குறையில்லை. பேச்சு மட்டும் இரண்டு வயதுப் பிள்ளையின் பேச்சு. "உம்மா தண்ணி." "லாரி போ." அவ்வளவுதான்.

காரணம் என்ற இடத்தில் நான் எழுதினேன்: தந்தை வெளிநாட்டில். தாய் மிகக் குறைவாகப் பேசுகிறார். வீட்டில் பேச்சு போதவில்லை. தங்கையைப் பார்த்து என் வழக்கமான வாக்கியத்தையும் சொன்னேன்.

அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தார். "கேட்டியா? இதைத்தான் நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். பேசுடி, பேசுடிண்டு."

தங்கை தலையாட்டினாள்.

சவுதியில் இருந்த தந்தை ஓர் அறிக்கை கேட்டிருந்தார். நான் எழுதியதன் நகல் அவருக்குப் போனது.

அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் செவ்வாய்க்கிழமைகளில் வந்தார்கள். வெயிலோ மழையோ, பெரும்பாலும் தவறவில்லை. பிள்ளையிடம் முன்னேற்றம் இருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வீட்டில் தங்கை என்ன செய்கிறாள் என்று அக்கா சொல்வார். "காலையில படப் புஸ்தகத்த எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துடுவா டீச்சர். பூனை, பூனை, பூனைண்டு ஒரே சொல்லு. பிள்ளை எந்திரிச்சுப் போயிடும். இவ அங்கனயே உக்காந்திருப்பா." எனக்கு எரிச்சல் வந்தது. வாக்கியமாகப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், சமைக்கும்போது செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் சாப்பிடக்கூட முடியாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாளில், அவளிடம் கேட்டேவிட்டேன். "நான் சொல்றதைச் செய்றீங்களா இல்லையா? நீங்க பேசலைன்னா பிள்ளை எங்கருந்து கத்துக்கும்?"

"செய்... செய்றேன் டீச்சர்" என்றாள். அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த தாளை எடுத்தேன்.

பிள்ளை முன்பு பேசிப் பிறகு நின்றுபோனதா, முதலிலிருந்தே வரவில்லையா என்பது எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. சவுதிக்குக் குரலைப் பதிவு செய்து கேசட் அனுப்புவார்கள் என்று தெரிந்ததும், பழையது ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். முன்பு விடுமுறையில் வந்தபோது பிள்ளையின் தந்தை திருப்பிக் கொண்டுவந்த கேசட்டுகளில் இரண்டை அக்கா எடுத்து வந்தார். பள்ளிக்கூடத்து டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டோம்.

கேசட் முழுக்க அக்காவின் குரல்தான். வீட்டுச் செய்தி, தெருச் செய்தி, யாருக்குக் கல்யாணம், யார் மவுத்தாகிப் போனார்கள், யார் வீட்டில் மாடி எடுக்கிறார்கள். நடுவில் பிள்ளையை அழைப்பார். "வாப்பாவுக்குச் சலாம் சொல்லு. அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பாண்டு சொல்லு." சற்று நேரம் கழித்து "கும் வாப்பா" என்று வரும். பிள்ளைக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. அடுத்த கேசட்டில் மூன்றரை வயது. அதிலும் "கும் வாப்பா"தான். முதலிலிருந்தே வரவில்லை என்று குறித்துக்கொண்டேன்.

தங்கையின் குரலும் கேசட்டில் இருந்தது. "நீங்க... நல்லா... இங்க மழை... பெஞ்சு..." உடனே அக்காவின் குரல்: "இங்கன நல்ல மழைண்டு சொல்றா. உங்கள உடம்பைப் பாத்துக்கச் சொல்றா." இயந்திரத்தைப் பார்த்துக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகத்தானே கேசட் போட்டது.

வருஷம் முடியும் நேரத்தில் மறுபடியும் முழுச் சோதனை போட வேண்டும். அன்று அக்கா வரவில்லை. அவர் மகளுக்குக் காய்ச்சல். தாயும் பிள்ளையும் மட்டும் வந்தார்கள். பிள்ளை என் முன்னால் உட்கார்ந்தாள், தாய் பாயின் ஓரத்தில்.

பொருளில்லாத சொற்களுக்கு வந்தோம். "தபிக" என்றேன். பிள்ளை சரியாகச் சொன்னாள். "மிலாடு." அதுவும் வந்தது. "நோகிபலு" என்றேன். "நோபலு" என்றாள் பிள்ளை. எழுதிக்கொண்டேன். அப்போது பக்கத்திலிருந்து மெல்ல ஒரு குரல். "நோ...கிலு."

திரும்பிப் பார்த்தேன். தாய் துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் அடுத்த சொல்லைச் சொன்னேன். "கெதுமாரிபோ." பிள்ளை "கெமாபோ" என்றாள். துப்பட்டிக்குள் உதடு அசைந்தது. "கெது... கெமாரி..." நின்றுவிட்டது. அவள் விளையாட்டுக்குச் செய்யவில்லை. பிள்ளைக்கு உதவுவதற்காகத் தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள், அவளுக்கே வரவில்லை. பிள்ளை எந்த இடத்தில் விட்டதோ கிட்டத்தட்ட அதே இடத்தில் அவளும் விட்டாள்.

தாளைக் கீழே வைத்தேன். பிள்ளையிடம் லாரியைக் கொடுத்து விளையாட அனுப்பினேன். எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவள்தான் முதலில் பேசினாள்.

"டீச்சர், எனக்கும் போட்டுப் பாருங்க."

அந்த வாக்கியம் எங்கும் தடங்கல் இல்லாமல் வந்தது. வீட்டில் எத்தனை நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாளோ. சொல்லி முடித்ததும் என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்தாள்.

பெரியவர்களுக்கான சோதனை என்னிடம் இல்லை. பிள்ளைகளுக்கு வைத்திருந்ததையே நீட்டி, கடினமாக்கிக் கேட்டேன். "லாரியைத் தொடுறதுக்கு முன்னாடி சீப்பை எங்கிட்ட குடுங்க" என்றேன். அவள் லாரியைத் தொட்டுவிட்டுச் சீப்பைக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்த்துத் தவறு என்று புரிந்துகொண்டாள். எந்த இடத்தில் தவறினோம் என்று மட்டும் புரியவில்லை. ஏழெட்டுச் சொல் உள்ள வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். முதல் மூன்று சொல் வந்தது, கடைசிச் சொல் வந்தது, நடுவில் ஒன்றுமில்லை. படங்களை வரிசையாக வைத்துக் கதை சொல்லச் சொன்னேன். குடத்தோடு போகிற ஒரு பெண், வழியில் ஓடிவரும் நாய், உடைந்த குடம். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. விரலால் படத்தைத் தொட்டாள், கையால் குடம் விழுவதைக் காட்டினாள், அந்தப் பெண்ணுக்காக முகம் சுளித்தாள். "இவ... இது வந்து... கீழ... விழுந்து... இவ அழுது." நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

"போதும்மா" என்றேன்.

முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். அவள் எப்போது பேச ஆரம்பித்தாள், எதுவரை படித்தாள். அக்கா பக்கத்தில் இல்லாததால் நான் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தால் வந்தது. மூன்றாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்திருக்கிறாள். வாத்தியார் மண்டு என்பாராம். மற்ற பிள்ளைகளும் அப்படியே கூப்பிடவே, அக்கா ஒருநாள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு தங்கையைக் கூட்டிவந்துவிட்டார். அதற்குப் பிறகு வெளியே எது பேச வேண்டுமானாலும் அக்காதான். பெண் பார்க்க வந்தபோதும் அக்காதான் பதில் சொன்னார். நல்ல அடக்கமான பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தாள். இவ்வளவும் சொல்லி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. இராமநாதபுரத்துக்கு நான் வழக்கமாகப் போகும் பேருந்து போய்விட்டது.

நான் அவளிடம் சொன்னேன். "உங்களுக்குப் புத்தியில ஒரு குறையும் இல்ல. சொல்லைக் கோத்து எடுக்குறதுலதான் சிரமம். பிறவியிலேயே சில பேருக்கு இப்படி இருக்கும். பிள்ளைக்கும் அதே சிரமம்தான். உங்ககிட்டருந்து வந்திருக்கலாம், மூக்கு முழி வர்ற மாதிரி."

அவள் யோசித்தாள். "அப்ப... நான் பேசாம... இவ இப்பிடி ஆகல."

"இல்ல."

"உண்மையா?"

"உண்மையாத்தான். நான் முன்னாடி சொன்னது தப்பு."

அவள் அழவில்லை. பிள்ளை லாரியை ஜன்னல் விளிம்பில் ஓட்டுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "லாத்தாட்ட சொல்லுங்க" என்றாள். அக்காவை அவர்கள் லாத்தா என்றுதான் சொல்வார்கள்.

அந்த வாரம் மையத்தில் பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தேன். வீட்டில் பேச்சு போதவில்லை, தாய் குறைவாகப் பேசுகிறார். என் கையெழுத்தில், எத்தனையோ தாள்களில் அதே வரி. சில தாள்களில் ஓரமாக வேறொன்றும் இருந்தது: "அவுக அய்யாவும் நாலு வயசுலதான் பேசினாராம்." தாய்மார்கள் தங்களுக்கே ஆறுதலாகச் சொல்வார்கள். சாக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து அதை நான் ஓரத்தில் எழுதிவைத்திருந்தேன். அவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பழி பொருந்தும், எத்தனை பேருக்குப் பொருந்தாது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. தேடிப் போயிருக்கலாம். பலருடைய முகவரி இருந்தது. ஆனால் அடுத்த நாள் பத்துப் பிள்ளைகள் வந்தார்கள், அதற்கடுத்த நாளும் வந்தார்கள். நான் போகவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்காவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான்.

"என் தங்கச்சிய மண்டுங்கிறீங்களா?"

"இல்லக்கா. அவங்க மண்டு இல்லைன்னுதான் சொல்றேன்."

"எழுதப் போறீங்களா இத? குடும்பத்துல இருக்குண்டு?"

நான் கையிலிருந்த பேனாவை மூடினேன்.

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக டீச்சர். ரெண்டும் நல்லாப் பேசும், நல்லாப் படிக்கும். இந்த ஊர்ல ஒரு தாள் ஒரு வீட்டுக்குள்ள வந்தா, அது தெருவுக்கே வந்த மாதிரி. குடும்பத்துல இருக்குண்டு ஒரு சொல்லு வெளிய போனா, யாரு வந்து பொண்ணு கேப்பாக?" அவர் குரல் உயரவில்லை. "இவள நான் பத்து வயசுலருந்து மறைச்சுக் கொண்டாந்திருக்கேன். ஒருத்தருக்கும் தெரியாம. நீங்க வந்து ஒரு வருஷத்துல தொறந்துட்டீங்க."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். தங்கையும் பின்னால் போனாள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

என் மேசையில் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. தாய் பேசாததுதான் காரணம் என்று நான் எழுதிய தாள் சவுதியில் இருந்தது. அதைப் படித்துவிட்டு அந்த மனிதர் அங்கிருந்து அனுப்பிய அடுத்த கேசட்டில் மனைவியைக் கண்டித்திருந்தார். இதை அக்காவே முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார். உண்மையை முழுதாக எழுதினால் அக்காவின் பிள்ளைகள் மேல் விழும். எழுதாமல் விட்டால் பழி தங்கை மேலேயே கிடக்கும். இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். வெள்ளைத்தாளைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது. கடைசியில் இப்படி எழுதினேன்: முந்தைய அறிக்கையில் நான் குறிப்பிட்ட காரணம் தவறு. இந்தச் சிரமம் பிள்ளைக்குப் பிறவியிலேயே உள்ளது. தாயின் வளர்ப்பில் குறை எதுவும் இல்லை. அதற்குமேல் எழுதவில்லை. பாதி உண்மைதான். என் தொழிலில் அப்படி எழுதக் கூடாது என்றுதான் படித்திருந்தேன்.

அதை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு நானே போனேன். அக்கா வாசல் திரையை விலக்கிப் பார்த்து, உள்ளே வரச் சொன்னார். எட்டாவதுவரை படித்தவர். தாளை இரண்டு தடவை படித்தார்.

"இது போதும்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "டீச்சருக்கு டீ போடு" என்று தங்கையிடம் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூவரும் வந்தார்கள்.

நான் முறையை மாற்றினேன். நிறையப் பேசுங்கள் என்பதை விட்டுவிட்டேன். தினமும் வருகிற வேலைகளுக்குச் சின்ன வாக்கியங்களாக எடுத்துக்கொண்டோம். "சோறு சூடா இருக்கு." "கதவைச் சாத்து." "செருப்பு எங்க இருக்கு?" தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே பாடம். ஒரு வாரம் ஒரே வாக்கியம், அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுவது. தாய் பிழையில்லாமல் சொல்ல வாரக்கணக்கில் ஆகும். சொன்னபிறகு மறக்க மாட்டாள். அக்காவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். யாராவது தங்கையிடமோ பிள்ளையிடமோ கேள்வி கேட்டால், மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

"மூணுக்கு மேல முடியல டீச்சர்" என்றார் ஒரு வாரம் கழித்து. "நாக்கு துடிக்குது."

"மூணுல ஆரம்பிங்க."

இந்த முறையிலும் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆறு வயதில் பிள்ளை நாலு சொல் உள்ள வாக்கியம் பேசினாள். இரண்டு பள்ளிக்கூடங்கள் சேர்க்க மறுத்தன, மூன்றாவது சேர்த்துக்கொண்டது. கணக்கு வந்தது, பாடத்தை மனப்பாடம் செய்ய முடியவில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளுடைய புது வகுப்பு ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பேன். பிள்ளைக்குப் புரியும், பதில் சொல்ல நேரம் கொடுங்கள் என்று. அவர்கள் படித்தார்களா என்று தெரியாது.

அந்தத் தந்தையை ஒரே ஒரு தடவை பார்த்தேன். விடுமுறையில் வந்தவர் மனைவியை அழைத்துக்கொண்டு இராமநாதபுரத்து மையத்துக்கே வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். என் இரண்டாவது அறிக்கைக்கு நன்றி சொன்னார்.

"இவளுக்கும் இருக்காமே" என்றார்.

"யாரு சொன்னா?"

"இவளேதான். நான் வந்த மறுநாள் ஆரம்பிச்சா. சொல்லி முடிக்க ரெண்டு நாளாச்சு." மனைவியைப் பார்த்தார். அவள் தலைகுனிந்திருந்தாள், ஆனால் பயந்த மாதிரி இல்லை. "நான் கேசட்டுல திட்டியிருக்கக் கூடாது" என்றார். பிறகு, "இன்னொரு பிள்ளை பொறந்தா அதுக்கும் வருமா?" என்று கேட்டார்.

"வரலாம். வராமலும் இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது."

தலையாட்டினார். எழுந்து போகும்போது மனைவியின் செருப்பை அவரே வாசலில் நேராகத் திருப்பி வைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர்களுக்கு இன்னொரு பிள்ளை பிறக்கவில்லை. இரண்டு மூன்று வருஷம் கழித்து, பேச்சோடு பேச்சாக, "ஒண்ணு போதும்ண்டாக" என்று மட்டும் அவள் சொன்னாள். வருத்தமா, நிம்மதியா, குரலில் தெரியவில்லை. நான் அன்று வேறு பதில் சொல்லியிருக்க முடியுமா என்று பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். உண்மை அதுதான், அதைத்தான் சொன்னேன். அப்படியும் மனது சமாதானமாகவில்லை.

அக்காவின் பெண்கள் இருவருக்கும் நல்ல இடத்தில் கல்யாணமானது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

மையத்தை மூடப்போகிறார்கள் என்று 2009 தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. பணம் கொடுத்தவர்கள் வேறு வேலைக்குக் கொடுக்கப் போகிறார்களாம். எனக்கும் முழங்கால் வலி வந்துவிட்டிருந்தது. பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். கடைசி மாதங்களில் ஒரு மத்தியானம், இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் "டீச்சர்" என்று குரல் கேட்டுத் திரும்பினேன். அந்தத் தாயும் மகளும்.

பார்த்துப் பல வருஷம் ஆகிவிட்டது. சிறுமி வளர்ந்து பதினெட்டு வயதுப் பெண்ணாகியிருந்தாள். பத்தாம் வகுப்பு முதல் தடவை தேறவில்லை, மறுபடி எழுதித் தேறினாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். போன வருஷம் கல்யாணம் நடந்ததாம். மாப்பிள்ளை துபாயில். இப்போது ஆறு மாதம். மருத்துவமனைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"லாத்தா வரலையா?"

"லாத்தாக்கு... சர்க்கரை. கால்ல புண்ணு. நாங்களே வந்தோம்" என்றாள் தாய். "சீட்டு நான்தான் வாங்குனேன். டாக்டர்ட்ட நான்தான் பேசுனேன்."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "டீச்சர் நல்லா இருக்கீங்களா?" என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன். வேறு ஏதோ சொல்ல வந்தாள். நான் காத்திருந்தேன். தாயும் காத்திருந்தாள். "லாரி... உங்க பையில... இன்னும் இருக்கா?" என்றாள். இல்லை, அது உடைந்துபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது என்றேன். மூவரும் சிரித்தோம்.

பேருந்து வர நேரமிருந்தது. தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளுக்குக் கேட்காத அளவில் குரலைத் தாழ்த்தினாள். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேட்டாள்.

"பிள்ளை பொறந்தா... எத்தனை மாசத்துல கொண்டாந்து காட்டணும் டீச்சர்?"

அவ்வளவு வருஷத்தில், பிறக்காத பிள்ளைக்காக அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் வேறு யாருமில்லை. ஒன்றரை வயதுக்குள் பத்துச் சொல்லாவது வர வேண்டும், இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும், வராவிட்டால் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள் என்றேன். சொல்லிவிட்டுத்தான், கொண்டுவருவதற்கு இங்கே மையம் இருக்காது என்பது நினைவுக்கு வந்தது. அதையும் சொன்னேன். மதுரையில் காதும் பேச்சும் பார்க்கிற இடத்தின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அவள் அதை வாங்கிப் படித்தாள். மெதுவாக, உதடு அசைய, இரண்டு தடவை.

"மதுரை... தூரம்" என்றாள்.

"தூரந்தாம்மா" என்றேன்.

கீழக்கரைப் பேருந்து வந்து நின்றது. மகள் முன்னால் போய் இடம் பிடித்தாள், தாய் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் என் பேருந்துக்காக இன்னும் அரை மணி நேரம் காத்திருந்தேன்.